எத்தனை குடம் இருக்கு?

தண்ணீர் வாரிய அலுவலகத்தின் மாடிப்படிக்குக் கீழே கால் ஆடும் ஒரு மேசை, அதன்மேல் இரண்டு தொலைபேசிகள். பதினெட்டு வருடங்களாக அந்த இடம் அக்காவுடையது. எல்லோருக்கும் அவள் அக்காதான். ஊரில் எந்த வீட்டுக் குழாய் இருமினாலும் அழைப்பு அவளுக்கு வரும். முகம் பார்த்ததில்லை, ஆனால் குரலை வைத்தே தெருவைச் சொல்வாள். "வராதும்மா, குழாய் உடைஞ்சுபோச்சு, நாளைக்குப் பாரு" என்றால் மறுமுனையில் ஒரு பெருமூச்சு. அவ்வளவுதான், கதை முடிந்தது.

புது மேலாளர் வந்தார். மனுஷன் தங்கம். யாரையும் கடிந்து ஒரு வார்த்தை பேச மாட்டார். வந்த வினையே அதுதான். பொதுமக்கள் மனம் நோகக் கூடாது என்று சுவரில் ஒரு பட்டியல் ஒட்டினார். 'வராது' கூடாது, 'விநியோக இடைவேளை' என்க. 'உடைந்தது' கூடாது, 'குழாய் புத்துணர்வு பெறுகிறது' என்க. புகாருக்குப் பெயர் 'அன்பு நினைவூட்டல்'. பேச்செல்லாம் பதிவாகும், வெள்ளிக்கிழமைதோறும் அவரே கேட்பார். தடைச்சொல் மூன்று முறை வாயில் வந்தால் கோப்பறைக்கு மாற்றம். அதற்கும் ஒரு பெயர் உண்டு: 'அமைதிப் பணி'.

முதல் வாரமே அக்கா இரண்டு முறை மாட்டினாள். கோப்பறையில் பேச ஈ காக்கை கிடையாது. வீட்டில் போய்ப் புலம்பினாள்.

கணவர் படுத்த வாக்கில் சொன்னார்: "நல்ல ஆளுடி உங்க மேலாளர். இனிமே என்னைச் சோம்பேறின்னு சொல்லாதே. ஓய்வு ஆர்வலர்னு சொல்லு."

தலையணை பறந்தது.

செவ்வாயன்று பெரிய குழாயில் விரிசல். மத்தியானம் மூடினால் இரண்டு நாளைக்குத் தண்ணீர் கிடையாது. இரட்டைக் குழந்தைக்காரி ஒருத்தி அழைத்தாள்.

"அக்கா, சாயங்காலம் தண்ணி வருமில்ல?"

"விநியோக இடைவேளைம்மா."

"அப்படின்னா?"

"குழாய் புத்துணர்வு பெறுது."

"சந்தோஷம்க்கா. அப்ப துணியெல்லாம் ஊறப் போட்டுடறேன்."

அக்காவுக்கு 'வராது' நாக்கு நுனிவரை வந்து நின்றது. விழுங்கினாள்.

"ஏம்மா, உன் வீட்ல எத்தனை குடம் இருக்கு?"

"நாலு. எதுக்கு?"

"சும்மாதான். நாலும் நிறைஞ்சிருக்கா? பக்கெட்டு? குழந்தைங்க குளிக்கிற தொட்டி?"

"ஐயோ அக்கா! இப்பவே பிடிச்சு வெச்சிடறேன்!"

அன்று எழுபது பேரிடம் குடம் விசாரித்தாள்.

வெள்ளிக்கிழமை மேலாளர் பதிவைத் திருப்பித் திருப்பிக் கேட்டார். தடைச்சொல் ஒன்றுகூட இல்லை.

"அதென்னம்மா, எல்லார்கிட்டயும் எத்தனை குடம்னு கேக்கறீங்க?"

"ஒரு அக்கறைதான் சார்."

அவருக்குக் கண் கலங்கிவிட்டது. அன்றைக்கே சுற்றறிக்கை போட்டார்: 'கொள்கலன் நல விசாரிப்பு'. யார் அழைத்தாலும், எதற்கு அழைத்தாலும், எல்லாக் கிளைகளிலும் முதல் கேள்வி இதுதான்.

"வேணாம் சார், ஊரு பயந்துடும்…"

"உங்களுக்குத் தன்னடக்கம்மா!"

திங்கட்கிழமை எந்தக் குழாயும் உடையவில்லை. ஆனால் அந்தக் கேள்விக்கு என்ன அர்த்தம் என்பது இதற்குள் ஊருக்கே தெரிந்திருந்தது. முகவரி மாற்ற அழைத்தவர்கூடக் குடம் என்று காதில் விழுந்ததும் பதறிப்போய்க் குழாயைத் திறந்தார், பக்கத்து வீட்டுக்கும் குரல் கொடுத்தார். குடம், அண்டா, வாளி, பூவாளி என்று ஒன்றையும் விடவில்லை. பதினொரு மணிக்கு வாரியத்தின் மேல்நிலைத் தொட்டி தரை தட்டியது.

இரண்டு தொலைபேசிகளும் ஒன்றாக அலறின. மேலாளர் வேர்க்க விறுவிறுக்கப் படியிறங்கி வந்து ஒன்றை எடுத்தார்.

"வணக்கம், விநியோக… அதாவது, ஒரு சின்ன…"

"யோவ், தண்ணி வருமா வராதா? ஒண்ணு சொல்லுய்யா!"

மேலாளர் அக்காவைப் பார்த்தார். அக்கா கூரையைப் பார்த்தாள்.

"வராதுங்க! தொட்டி காலி! சாயங்காலம் ஆறு மணிக்கு வரும்!"

"அப்பாடா. இதைச் சொல்ல இவ்வளவு நேரமா? ரொம்ப நன்றி தம்பி."

மேலாளர் ரிசீவரும் கையுமாக நின்றார். பொதுமக்கள் யாரும் அவருக்கு இதுவரை நன்றி சொன்னதில்லை. வைத்ததும் மறுபடி மணி அடித்தது. அக்கா கை நீட்டினாள்.

"இருங்க, இருங்க. இதையும் நானே சொல்றேன்" என்று நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

அக்கா மற்றதை எடுத்தாள். "வராதும்மா" என்றாள், வாய் நிறைய.