நீர்கொழும்புக்குக் கட்டிய பெட்டி

என் மனைவி அதுவரை பார்த்திருந்த பெரிய தண்ணீர் டிக்கோயா ஆறுதான். அதிலும் மழை விட்டுவிட்டால் பாதிக்கு மேல் கல்தான் தெரியும். அப்படிப்பட்டவளிடம், அட்டன் சந்தைக்கு நீர்கொழும்பிலிருந்து கருவாடு கொண்டுவருகிறவர், தங்கள் ஊரில் வீடுகளின் கொல்லைப்புறமாக வாய்க்கால் ஓடுகிறது, நாம் ஆட்டைக் கட்டுவதுபோல அங்கே தோணியைக் கட்டிவைக்கிறார்கள் என்று சொல்லிவிட்டார். ஒல்லாந்தர் காலத்து வாய்க்காலாம். கறுவாப்பட்டை ஏற்றிப்போக வெட்டினார்களாம். அவர்கள் கட்டிய கோட்டையின் வாசல்கூட மிச்சமிருக்கிறதாம். அன்று அவள் கருவாடு வாங்காமலே வீட்டுக்கு வந்தாள்.

"கொல்லையில தோணியாம். நம்ம கொல்லையில என்னா இருக்கு?"

"நான் இருக்கேனே," என்றேன்.

அது எண்பத்து மூன்றாம் வருஷம். நான் தேயிலைத் தொழிற்சாலையில் கொழுந்து வாட்டுகிற வேலையில் இருந்தேன். குடும்பத்துக்கு ஒரு காம்பரா என்று அறை அறையாக நீளும் எங்கள் லயத்தில் எனக்கு இன்னொரு வேலையும் உண்டு, சிரிக்க வைப்பது. சாவு வீட்டில் என்னை வேண்டுமென்றே ஓரமாக உட்கார வைப்பார்கள். ஆனால் இரவில் கதவுத் தாழ்ப்பாளை மூன்று தடவை இழுத்துப் பார்க்கிற ஆளும் நான்தான் என்பது என் மனைவிக்கு மட்டும் தெரியும்.

பயணத்துக்குத் திட்டம் போட்டேன். அட்டனிலிருந்து கொழும்புக்கு ரயில், அங்கிருந்து பஸ். தங்குவது கருவாட்டுக்காரர் வீட்டில். அவர் வீட்டுக்குள் தமிழும் தெருவில் சிங்களமும் பேசுகிற மனிதர். "எங்க வீட்டுல வந்து படுங்க அண்ணே, காசு கீசு பேசினா அடிப்பேன்" என்று சத்தியம் செய்திருந்தார். கடைச்சாப்பாடு கிடையாது. ரொட்டியும் சம்பலும் கட்டிக்கொண்டு போவது. ஆடம்பரம் என்றால் ஒன்றே ஒன்றுதான், தோணிச் சவாரி. அந்தத் தோணியும் அவருடைய மச்சானுடையது.

எல்லாம் மலிவு, என் பயத்தைத் தவிர. எனக்கு அப்போது அடையாள அட்டை வரவில்லை. பிரஜாவுரிமை விண்ணப்பம் எங்கேயோ தூங்கிக்கொண்டிருந்தது. எழுபத்தேழிலும் எண்பத்தொன்றிலும் நடந்த கலவரங்களில் மலைநாட்டில் லயங்கள் எரிந்ததைப் பார்த்தவர்கள் நாங்கள். வழியில் யாராவது மறித்து 'எங்கே போகிறாய்' என்று கேட்டால் சிங்களத்தில் என்ன சொல்வது என்று, கொழுந்து வாட்டுகிற தட்டுகளுக்கு நடுவே நின்று ஒத்திகை பார்த்தேன். ஒருநாள் மேற்பார்வையாளர் பின்னால் வந்து நின்றதைக் கவனிக்காமல், காய்ந்துகொண்டிருந்த கொழுந்திடம் நான் நல்லவன் என்று மன்றாடிக்கொண்டிருந்தேன்.

ஆடி மாதம் பிறந்தது. மழை விடவேயில்லை. மூடுபனிக்குள் பஸ் வருவது பஸ் வந்து நின்ற பிறகுதான் தெரியும். அந்த வாரச் சந்தையில் கருவாட்டுக்காரர் வழக்கமான சத்தம் போடவில்லை. தராசைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

"வாங்க அண்ணே. வரவேணாமுன்னு சொல்லல. அண்ணிகிட்ட மட்டும் சொல்லுங்க, பஸ்ஸுல வரும்போது பொட்டு வேணாம்."

"ஏன், என்ன நடக்குது?"

"ஒண்ணும் நடக்கல." சுற்றிலும் ஒருதரம் பார்த்தார். "சும்மாதான்."

சும்மாதான் என்ற சொல்லைக் கேட்டு நான் அதுவரை பயந்ததில்லை. பொட்டு இருந்தால் தமிழச்சி என்று பஸ்ஸிலேயே தெரிந்துவிடும். வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னேன். அவள் மாவு பிசைந்துகொண்டிருந்தாள்.

"பொட்டு இல்லாத மூஞ்சியோட வாய்க்காலப் பார்த்து நான் என்னா செய்யப் போறேன்? அப்படீன்னா நீங்க மட்டும் போய்ட்டு வாங்க."

தனியாகப் போகிற தைரியம் எனக்கு இருந்திருந்தால் நான் ஏன் கல்யாணம் செய்துகொள்கிறேன்?

அடுத்து ஒரு முட்டாள்தனம் செய்தேன். மழையில் துணி நனையக்கூடாது என்று அட்டனில் ஒரு தகரப் பெட்டி வாங்கி, தலையில் வைத்துக்கொண்டு லயத்தின் முன்னால் நடந்து வந்தேன். எங்கள் தோட்டங்களில் தகரப் பெட்டி வாங்குகிறவர்கள் ஒரே ஒரு ஊருக்குத்தான் போவார்கள். இரண்டு அரசாங்கமும் போட்ட ஒப்பந்தப்படி இந்தியாவுக்கு அனுப்பப்படுகிறவர்கள் அந்தப் பெட்டியோடுதான் ரயிலேறுவார்கள், பிறகு கப்பல். நீர்கொழும்புக்குச் சுற்றிப்பார்க்கப் போக ஒருவன் பெட்டி வாங்குவான் என்று யார் நினைப்பார்கள்? பிரஜாவுரிமை விண்ணப்பத்துக்காக ஆபீஸ் பக்கம் போய்வருகிற ஆள், சிரித்துக்கொண்டே பெட்டி கொண்டுபோகிறான் என்றால் அவனுக்கு ஏதோ தெரிந்திருக்கிறது. லயம் அப்படித்தான் கணக்குப் போட்டது. நான் அதை அறியவில்லை.

இரண்டு நாளில் பக்கத்துக் காம்பராக்காரன் தன் கோழிகளை விற்றான். எதிர் லயத்தில் சாமிப் படங்களைக் கழற்றித் துணியில் சுற்றுவதைக் கண்டேன். எல்லோரும் என்னைக் கண்டதும் பேச்சை நிறுத்தினார்கள். ஊருக்கே தெரிந்த ஆபத்து எனக்கு மட்டும் தெரியவில்லையே! ஓடிப்போய்ப் பக்கத்துக் காம்பராக் கதவைத் தட்டினேன்.

"தம்பி, உண்மையச் சொல்லு. என்னா கேள்விப்பட்ட? எதுக்குக் கோழிய வித்த?"

அவன் என்னை மேலும் கீழும் பார்த்தான். "என்னாண்ணே வெளையாடுறீங்க? நீங்க பெட்டி வாங்கினதப் பார்த்துத்தானே நாங்க கட்ட ஆரம்பிச்சோம்!"

என் பயம் லயம் முழுக்கச் சுற்றி வந்து என் வாசலிலேயே என்னைப் பயமுறுத்தியிருக்கிறது. விழுந்து விழுந்து சிரித்தேன். அவனும் சிரித்தான். அன்று மாலையே வீடு வீடாகப் போய் வாய்க்காலையும் தோணியையும் விளக்கினேன். எல்லோரும் சிரித்தார்கள். ஆனால் படங்கள் சுவருக்குத் திரும்பவில்லை. பக்கத்துக் காம்பராக்காரனிடம், "இன்னும் ஏன்டா மூட்டையா கெடக்கு? அவுத்து வையேன்" என்றேன்.

"கெடக்கட்டும்ணே," என்றான். "கட்டினது கட்டினதாவே கெடக்கட்டும்."

அவன் சிரித்த முகம் சிரித்தபடியே இருந்தது. அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை.

பயணத்தைத் தள்ளிப்போடலாம் என்று மனைவியிடம் நூறு காரணம் சொன்னேன். ஒரு வார்த்தையில் முடித்துவிட்டாள். "நீங்க பயந்தா நாம அட்டனுக்குக்கூடப் போக முடியாதுங்க." பௌர்ணமிப் போயா விடுமுறைக்கு மறுநாள் திங்கட்கிழமை, பொட்டோடு அவளும் பெட்டியோடு நானும் அட்டன் ஸ்டேஷனுக்குப் போனோம்.

எங்கள் ரயில் தாமதம் என்றார்கள். அதற்கு முன் கொழும்பிலிருந்து ஒன்று வந்து நின்றது. கூட்டம் இறங்கியது. யார் கையிலும் பை இல்லை என்பதை மனைவிதான் முதலில் கவனித்தாள். நான் கவனித்தது வேறு. என் வயதுக்காரர் ஒருவர், ஒரு கன்னம் மழித்து மறு கன்னம் தாடியோடு, எங்களுக்கு எதிரே வந்து நின்றார். என் வாய் எனக்கு முன்னால் ஓடிவிட்டது.

"என்னாங்கண்ணே, பார்பருக்குப் பாதிக் காசுதான் குடுத்தீங்களா?"

அவர் மெதுவாகக் கையைத் தூக்கிக் கன்னத்தைத் தடவினார். அப்போதுதான் அவருக்கே தெரிந்தது. விரலில் காய்ந்த சோப்பு வெள்ளையாக உதிர்ந்தது.

"கண்ணாடிக்கு முன்னால நின்னுக்கிட்டிருந்தேன்," என்றார். "வந்துட்டாங்க." பிறகு எங்கள் பெட்டியைப் பார்த்தார். "கீழ கொழும்புக்கா போறீங்க? போகாதீங்கம்மா. எங்க தெருவே எரியுது."

என் மனைவி தோணியைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. "ஐயாவுக்கு இங்க யாராச்சும் இருக்காங்களா?" என்று கேட்டாள். அவர் தலையாட்டிய விதத்தில், இருக்கிறார்கள் என்றும் எடுத்துக்கொள்ளலாம், இல்லை என்றும் எடுத்துக்கொள்ளலாம். "வாங்க," என்றாள். எங்கள் ஒற்றைக் காம்பராவில் எங்கே படுக்க வைப்பது, யாராவது கேட்டால் என்ன சொல்வது என்று என் மண்டைக்குள் நூறு கேள்வி. ஒன்றையும் கேட்க விடாமல் அவள் முன்னால் நடந்துவிட்டாள். டிக்கெட்டைத் திருப்பிக் கொடுத்துக் காசு வாங்க எனக்குத் தோன்றவேயில்லை. அட்டன் கடைவீதியில் பகலிலேயே பலகைகளை ஒவ்வொன்றாகப் போட்டு மூடிக்கொண்டிருந்தார்கள்.

வீட்டில் வெந்நீர் வைத்துக் கொடுத்தாள். அவர் என் சவரக்கத்தியை வாங்கினார். கன்னத்தில் எங்கே வைப்பது என்று தெரியாமல் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் திரும்ப வாங்கிக்கொண்டு, அவரை வாசற்படியில் வெளிச்சத்தைப் பார்த்து உட்கார வைத்து, சோப்பு நுரை போட்டேன். லயத்து ஆட்கள் மழையில் நனைந்தபடி சுற்றி நின்றார்கள். சிரிக்க வைக்கிற என் வேலையை அன்று நான் செய்யவில்லை.

கத்தி தொண்டைக்குழிக்கு அருகே வந்தபோது அவர் கண்ணைத் திறந்தார்.

"இங்கயும் வருவாங்களா தம்பி?"

"பேசாதீங்கண்ணே," என்றேன். "வெட்டிரும்."