வெள்ளிக்கிழமை உறைந்த வாசல்

அந்த ஊரில் நிலத்தைவிடத் தண்ணீர் அதிகம். பின்லாந்தின் ஏரிப் பகுதியில் இருக்கும் அதற்கு நகராட்சி என்று பெயர். ஆனால், மக்கள் மலேசியாவில் எங்கள் தோட்டக் குடியிருப்பில் இருப்பவர்களைவிட அதிகமாக இருக்கமாட்டார்கள் என்றே தோன்றும். ஒரு மளிகைக்கடை, ஒரு மரத் தேவாலயம், நகராட்சி அலுவலகத்தோடு ஒரே கூரையின்கீழ் இயங்கும் நூலகம். எதிர்வீட்டு வாசல் தெரியும், குரல் கேட்காது. பல்கலைக்கழகம் பேருந்தில் போகும் தொலைவு. வாடகை குறைவென்பதால் பரிமாற்ற மாணவியாக ஒரு குளிர்காலம் முழுவதும் அங்கே தங்கியிருந்தேன். இப்போது அதே பல்கலைக்கழகத்தில் மேற்படிப்புக்கு இடம் கொடுத்திருக்கிறார்கள். போவது என்று நான் முடிவு செய்துவிட்டேன். அம்மா செய்யவில்லை.

ஞாயிற்றுக்கிழமை, புக்கிட் செலம்பாவில் எங்கள் வீட்டுச் சமையலறையில் அம்மா கீரை ஆய்ந்துகொண்டே கேள்விகளைத் தொடங்கினார். பக்கத்து வீட்டில் இருக்கும் அத்தையும் வந்து உட்கார்ந்தார்.

"நீ காட்டுன போட்டோல ஒரு ஆளக் காணோம். மரம், தண்ணி, மறுபடி மரம். காய்ச்சல்ல படுத்தா ஒன்ன யாரு வந்து பாப்பா?" என்றார் அம்மா.

"இங்க ஒங்கப்பா மோட்டர்சைக்கிள் சத்தம் கேக்கலன்னா நான் வந்து கதவத் தட்டுவேன்லா" என்றார் அத்தை. "அங்க யாரு தட்டுவா?"

அது நியாயமான கேள்வி. ஏரிகளை விட்டுவிட்டு வாசலைப் பற்றிச் சொன்னேன்.

அங்கேயும் தினமும் காலையில் வாசற்படியைக் கூட்டினேன், பனியையும் கூட்டலாம். கடுங்குளிர் தொடங்கிய ஒரு வெள்ளிக்கிழமை, வீட்டுப் பழக்கத்தில் தண்ணீரும் தெளித்துவிட்டேன். தேநீர் கலந்துகொண்டு திரும்புவதற்குள் படிகள் கண்ணாடியாகிவிட்டன. தம் வீட்டுக்குத் தவறி வந்த என் பொட்டலத்தைக் கொடுக்க வந்த எதிர்வீட்டுப் பெண்மணி, ஓய்வுபெற்ற பேருந்து ஓட்டுநர், வழுக்கிப் பனிக்குவியலில் உட்கார்ந்தார்.

"அடிப்பாவி!" அத்தை கையைத் தட்டிச் சிரித்தார். "வாசல்ல ஐஸத் துருவி ஐஸ் காச்சாங் போட்டு வச்சிருக்கா பாரு!"

அம்மா சிரிக்கவில்லை. "அவங்க ஏசலையா?"

"ஒண்ணும் சொல்லலம்மா. எழுந்து பொட்டலத்தக் குடுத்துட்டுப் போய்ட்டாங்க."

"கோவந்தான். பேசக்கூட புடிக்கல."

நானும் அப்படித்தான் நினைத்தேன். சற்று நேரத்தில் அவர் ஒரு வாளி மணலோடு திரும்பி வந்தார். படிகளில் தூவினார், வாளியைக் கதவோரம் வைத்துவிட்டுப் போனார். அதன்பிறகு நான் தண்ணீர் தெளிக்கவில்லை. என்றாலும் வாளி குறையும்போதெல்லாம் யாரும் கேட்காமலே நிரம்பியது.

மாதங்கள் கழித்து எனக்கு உண்மையிலேயே காய்ச்சல் வந்தது. யாருக்கும் சொல்லவில்லை. நண்பகலில் கதவு தட்டப்பட்டது. கையில் மூடிபோட்ட சூப்புப் பாத்திரத்துடன் அவர் நின்றார். "படியில் பனி அப்படியே கிடக்கிறது" என்று மட்டும் சொன்னார்.

இதைச் சொல்லி முடித்தபோது அம்மாவின் கை கீரையில் நின்றிருந்தது.

"கூட்டலன்னு பாத்து வந்தாங்களா?"

"ஆமாம்மா."

அம்மா மிச்சக் கீரையை ஆய்ந்து முடித்தார். பிறகு என்னைப் பார்க்காமலே சொன்னார்: "இனிமே தண்ணி தெளிக்காத. மாவு குடுத்து வுடுறேன், கோலம் மட்டும் போடு."

"வெள்ளப் பனியில வெள்ள மாவா?" என்றார் அத்தை. "கலர் மாவு குடுத்து வுடுங்க, அண்ணி. எதுத்த வூட்டுக்குத் தெரிய வேணாமா?"