ரேவதியின் கடைசி அரியர்

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. மீன் குழம்பை நம்பிப் புதுப்பட்டினத்துக்குப் போனால், என் மனைவியின் தங்கை ரேவதி கணக்கு நோட்டோடு வாசலிலேயே மடக்கிவிட்டாள்.

"மாமா, நீங்க பி.எஸ்ஸி. மேத்ஸ்தானே? இத்த கொஞ்சம் பாருங்க."

ரேவதிக்கு முப்பத்தாறு வயது. ரெண்டு பிள்ளைகள். இன்ஜினீயரிங்கில் ஒரே ஒரு பேப்பர் பாக்கி — கணக்கு. கல்யாணம், பிரசவம் என்று அது அப்படியே நின்றுவிட்டது. பழைய அரியர்காரர்களுக்கு இந்த முறைதான் கடைசி வாய்ப்பாம். மறுநாள் பரீட்சை. விட்டால் டிகிரி கிடையாது. நாலு வருஷப் படிப்பும் போச்சு!

நேச்சுரல் லாக் வரும் இன்டக்ரல்தான் அவளுக்கு எமன். லாக் x-ஐ 1 முதல் e வரை இன்டக்ரேட் பண்ண வேண்டும். பை பார்ட்ஸ் போட்டு, 'x லாக் x மைனஸ் x' வரை சரியாகவே வந்திருந்தாள். மேல் லிமிட் e-யைப் போட்டால், லாக் e ஒன்று என்பதால், e மைனஸ் e... சைபர். கீழ் லிமிட் 1. லாக் 1 சைபர்தானே? அதனால் அதுவும் சைபர். ஆக, விடை சைபர்.

"ஆனா புக்ல வேற ஆன்சர் போட்டுக்கீது மாமா."

"பிரின்ட் மிஸ்டேக்கா இருக்கும்" என்றேன் — கொஞ்சமும் கூச்சமில்லாமல்.

அடுப்படியிலிருந்து கரண்டியோடு எட்டிப் பார்த்தார் அவள் கணவர், என் சகலை. ஈசிஆர் ரிசார்ட்டுகளில் டைல்ஸ் ஒட்டுகிறவர். பரீட்சை முடியும்வரை சமையல் அவர் பொறுப்பு. நோட்டில் ரேவதி லாக் x-க்குப் படம் வரைந்து, கோட்டுக்குக் கீழே மஞ்சள் அடித்து வைத்திருந்தாள்.

"இன்னா ரேவதி இது?"

"அந்தக் கோட்டுக்குக் கீழ எவ்ளோ எடம் கீதுன்றதுதான் கேள்வி."

"இம்மாம் எடம் மஞ்சளா கீது, சைபருன்றியே? அப்ப எத்தினி டைல்ஸ் வாங்குவ? இன்னா அண்ணாத்த, நீங்களும் தலையாட்டிகினு கீறீங்க!"

ரேவதி என் கையிலிருந்த நோட்டைப் பிடுங்கினாள். லாக் 1 சைபர், சரி... பக்கத்தில் இருக்கும் மைனஸ் x? அதில் 1 போட்டால் மைனஸ் ஒன்று! சைபரிலிருந்து மைனஸ் ஒன்றைக் கழித்தால்...

"ஒன்னு! ஒன்னு மாமா!"

சகலை அதற்குள் குழம்பைக் கிளறப் போய்விட்டார். அவருக்கு அது பெரிய விஷயமே இல்லை. ஃபார்முலா தெரிந்துவிட்டால் நமக்கெல்லாம் படத்தைப் பார்க்கவே தோன்றுவதில்லை, இல்லையா? எனக்கு அந்த மனிதரைக் கட்டிக்கொள்ள வேண்டும் போலிருந்தது. குழம்பும் பிரமாதம்.

இந்தச் செவ்வாய்க்கிழமை ரிசல்ட். போனில் ரேவதி பேசவில்லை — அழுதாள். பயந்தே போனேன். சகலை போனை வாங்கினார்.

"பாஸாய்ட்டா அண்ணாத்த! அந்த மாதிரியே ஒரு லாக் கணக்கு வந்துச்சாம். மொதல்ல படத்தப் போட்டுப் பாத்துட்டுதான் எழுதனாளாம்."

என் வீட்டு ஹாலில் பி.எஸ்ஸி. சர்டிபிகேட்டைச் சட்டம் போட்டு மாட்டியிருந்தேன். அன்றைக்கே கழற்றிவிட்டேன். சகலையிடம் சொன்னேன்...

காலியான அந்த இடத்துக்கு ரெண்டு டைல்ஸ் போதுமாம்!