பேட்ஜ் இல்லாத ஓட்டம்

டெக்சாஸ் இர்விங்கில் எங்கள் அப்பார்ட்மெண்ட்டை ஒட்டி ஒரு தெரு போகிறது. இருபுறமும் பெரிய வீடுகள், ஓக் மர நிழல், வண்டி நடமாட்டம் குறைவு. ஓடுகிறவளுக்கு வேறென்ன வேண்டும்? இரண்டு வருடமாகக் காலையில் அங்கேதான் ஓடுகிறேன்.

போன வசந்தத்தில் ஒரு நாள், அந்தத் தெருவில் குடியிருக்கும் வெள்ளைக்காரர் ஒருவர் கையைக் காட்டி என்னை நிறுத்தினார். இந்தத் தெருவில்தான் இருக்கிறாயா என்று கேட்டார். இல்லை, பக்கத்து அப்பார்ட்மெண்ட் என்றேன். உடனே போனை எடுத்துப் படம் பிடித்தார். கொஞ்ச நேரத்தில் போலீஸ் கார் வந்தது. ஷார்ட்ஸில் ஓடுகிறவளிடம் என்ன அடையாள அட்டை இருக்கும்? பெயர், முகவரி எல்லாம் ஒப்பித்துவிட்டு, வியர்வை காயக் காய நின்றேன். மரியாதையாகத்தான் பேசி அனுப்பினார்கள். அந்த நேரத்தில் ஒரு வெள்ளைக்காரப் பெண் நாயோடு எங்களைத் தாண்டி ஓடினாள். அவளை யாரும் எதுவும் கேட்கவில்லை.

சனிக்கிழமை நண்பர் வீட்டு விருந்தில் இதைச் சொன்னேன். ஆளாளுக்கு யோசனை.

“ஆபீஸ் பேட்ஜைக் கழுத்துல மாட்டிட்டு ஓடும்மா,” என்றார் ஐ.டி. வேலையில் தலை நரைத்த ஒரு அங்கிள். “நாங்கல்லாம் வாக்கிங் போறப்ப அப்படித்தான். டீசன்ட் ஃபேமிலின்னு தூரத்துலேர்ந்தே தெரிஞ்சிடும்.”

“குளிக்கப் போறப்பவும் மாட்டிக்குவீங்களா அங்கிள்?”

எல்லோரும் சிரித்தார்கள், அவரும்தான். “சிரி, சிரி. என்னை இதுவரைக்கும் எவனும் நிறுத்தினதில்ல.”

“கிரீன் கார்டு வர்ற நேரத்துல எதுக்கும்மா வம்பு? ஜிம்முல ட்ரெட்மில் சும்மாதானே கெடக்கு,” என்றார் அவர் மனைவி.

வாய்தான் கேலி பேசியது. திங்கட்கிழமை பேட்ஜை மாட்டிக்கொண்டு போனேன். அடிக்கு ஒரு தரம் அது நெஞ்சில் அடித்தது. அதே ஆள் அதைப் பார்த்தார். கையசைத்து “குட் மார்னிங்” என்றார். போலீஸ் வந்த அன்றுகூட எனக்கு அவ்வளவு எரியவில்லை.

நான் செங்கல் சூளையில் கல் சுமந்தவர்களின் மகள். பள்ளிக்கு நேர்வழி ஊர்ப் பெரிய தெரு. அதில் ஓடினால், “காலனிப் புள்ளைக்கு இங்க என்னடி ஓட்டம்?” என்பார்கள். அதனால் ஏரிக்கரையைச் சுற்றி ஓடிப் பழகினேன். அந்தச் சுற்று வழிதான் கால்களுக்கு வலுக் கொடுத்தது என்று சிலர் பெருமையாகச் சொல்வார்கள்; எனக்கு அந்தப் பெருமை வேண்டாம். பதினாறு வயதில் ஆயிரத்து ஐந்நூறு மீட்டரில் மாநிலத்திலேயே முதலாவதாக வந்தேன். மாலை போட்டு ஜீப்பில் ஊர்வலமாக அழைத்துப் போனார்கள். பெரிய தெரு முனை வந்ததும் ஜீப் ஏரிக்கரைப் பக்கம் திரும்பிவிட்டது. கூடவே நடந்து வந்த அம்மா, “மெடல் வாங்குனவளுக்கும் சுத்து வழிதானா?” என்று சத்தமாகக் கேட்டாள். ஜீப் நிற்காமல் போனது. ஜீப்பில் மெடலைப் பிடித்துக்கொண்டு நானும் பேசாமல்தான் நின்றேன்.

விளையாட்டுக் கோட்டாவில் இன்ஜினியரிங் படித்து, கடல் தாண்டி வந்து, நாற்பது வயதில் இன்னொரு தெருவுக்கும் பேசாமல் நிற்பதா?

செவ்வாய்க்கிழமை பேட்ஜை மேசை டிராயரில் போட்டேன். கணவர் பார்த்துக்கொண்டே இருந்தார்.

“திரும்பவும் போலீஸ் வந்தா?”

“வரட்டும். பேரு கேட்டா சொல்றேன். ஓடறதுக்குக் காரணம் கேட்டா சொல்ல மாட்டேன்.”

அவர் கதவைத் திறந்துவிட்டார்.

அந்த ஆள் தன் வீட்டுப் புல்தரையில் நின்றார். என் கழுத்தைப் பார்த்துவிட்டு, “இன்று உன் பேட்ஜ் எங்கே?” என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

“உங்களுடையது எங்கே?” என்று நானும் ஆங்கிலத்திலேயே கேட்டேன், நிற்காமல்.

தெருக்கோடியில் திரும்பி வந்தபோது போனை உயர்த்திப் பிடித்திருந்தார். பேச்சில் முதல் சுற்று கொஞ்சம் மெதுவாகிவிட்டிருந்தது. அவர் படம் பிடிக்கும்போதே இரண்டாவது சுற்றை வேகமாக ஓடினேன்.