மானத்தோடு விலகப் பார்த்தேன்

இரண்டாயிரங்களின் தொடக்கத்தில், நான் வேலைசெய்த ஒஸ்லோ அச்சகத்தில் ஆட்குறைப்பு வரப்போவதாகக் கதை அடிபட்டது.

"அவங்கள் நிப்பாட்ட முதல் நானே விலகுறன். மானம் முக்கியம்" என்று மனைவியிடம் சொல்லிவிட்டுச் சப்பாத்தை மாட்டினேன்.

"போன கிழமை உங்கட சிநேகிதன் யோகனுக்கு என்ன சொன்னனீங்கள்? தானா விலகினா அரசாங்கம் தாற வேலையில்லாக் காசு கனநாளைக்கு வராதெண்டு. சட்டம் யோகனுக்கு மட்டுமே?" என்றார்.

மாட்டிய சப்பாத்தோடு வழக்கம்போல வேலைக்கே போனேன். பிறகு அவர்களே நிறுத்தினார்கள், காசும் வந்தது. அதனால் உணவகங்களில் கோப்பை கழுவ ஓடாமல், நூலகத்தில் பத்திரிகைகள் பார்த்து ஆறுதலாகத் தேடி, பிடித்த வேலையில் சேர்ந்தேன். அந்தப் பனிக்கால நூலகக் காலைகள் இன்றும் இனிக்கின்றன.

இப்போது ஓய்வூதியக்காரன். சட்டம் கேட்டு யார் வந்தாலும், மனைவியைப் பக்கத்தில் இருத்திவிட்டே விளக்குகிறேன். நான் சொன்னதை எனக்கே அவர் எப்போது நினைவூட்ட வேண்டிவருமோ தெரியாது.