மேசை வாள் சுவிச்சும் முதலாளியின் சிங்களமும்

கடையில் இருந்தவர்கள்: முதலாளி, நான், பெயின்ற் வாங்க வந்த இருவர், பல்ப் வாங்க வந்த ஓர் ஆமிக்காரர்.

என் கணவர் பலகை அரியும் மேசை வாளின் உடைந்த சுவிச்சைக் காட்டி, இதே மாதிரி ஒன்று கேட்டேன்.

"என்னக்கா, வாளுக்கோ, குண்டுக்கோ?" என்றார் முதலாளி.

பெயின்ற்காரர்கள் சிரித்தார்கள். ஆமிக்காரரும் சிரிக்கட்டும் என்று முதலாளி அதைச் சிங்களத்திலும் சொன்னார்.

ஆமிக்காரர் சிரிக்கவில்லை. சுவிச்சையும் என் அடையாள அட்டையையும் வாங்கிக்கொண்டார். நாளை காலை கணவரைக் கேம்புக்குக் கூட்டி வரவேண்டுமாம். அதையும் முதலாளிதான் தமிழில் சொன்னார்.

"சும்மா பகிடிக்குத்தானே சொன்னன்" என்றார் முதலாளி, ஆமிக்காரர் போனதும்.

"அதை நாளைக்கு அங்க வந்து சிங்களத்தில சொல்லுங்க."

"எனக்கு அந்தளவுக்குச் சிங்களம் வராதுக்கா."

பிள்ளையாரிடம் சொல்லிவிட்டேன். கேம்பில் பேச ஒரு மனிதரும் வேண்டும். இந்தக் குழுவில் சிங்களம் தெரிந்தவர்களில் யார் எங்களோடு வருவீர்கள்? இன்றிரவே பதில் போடுங்கள்.