பதினோராம் ஸ்பிரிங்

வால்வு ஸ்பிரிங்கை மண்ணெண்ணெயில் கழுவி, தேயிலை காயவைக்கும் அடுப்பின் சுவரோரம் உலர்த்தினால், எண்ணெயும் கருகிய தேயிலைத் தூசியும் கலந்த ஒரு நெடி எழும். எனக்குப் பன்னிரண்டு வயதான அந்தப் பனிக்காலம் முழுவதும், கொட்டகலைக்கு மேலிருந்த எங்கள் தேயிலைத் தோட்டத்திலிருந்து அந்த நெடியோடுதான் பள்ளிக்கூடம் போனேன். பக்கத்தில் உட்கார்ந்த பிள்ளைகள் என்னை "மண்ணெண்ண டின்னு" என்றார்கள்.

அப்பா தோட்டத்துத் தொழிற்சாலையில் இயந்திரங்களைப் பழுதுபார்க்கும் பிட்டர். "சின்னதொரை" என்று நாங்கள் அழைத்த வெள்ளைக்கார உதவி மேலாளர், நுவரெலியா மலைப்பாதைப் பந்தயத்தில் ஓட்டுவதற்காகத் தன் சிறிய காரின் எஞ்சினை அப்பாவிடம் ஒப்படைத்திருந்தார். எட்டு வால்வுக்கு எட்டு ஸ்பிரிங் வேண்டும். அவர் தந்த டின்னில் பழையதும் புதியதுமாகப் பதினாறு கிடந்தன. திறந்த வால்வை உரிய நேரத்தில் மூடுவது ஸ்பிரிங்தான். வேகத்தில் அது தளர்ந்தால், மூடாத வால்வில் பிஸ்டன் வந்து மோதும்.

அளக்கக் கருவி கிடையாது. இரண்டு ஸ்பிரிங்குகளை முனையோடு முனை வைத்து, நடுவே ஒரு தகடு கொடுத்து அப்பா வைஸ் இடுக்கியில் இறுக்குவார். எது அதிகம் சுருங்குகிறதோ அது பலமில்லாதது. அடிமட்டம் வைத்துப் பார்த்து எழுதுவது நான். எண், உயரம், சுருக்கம், துரு என்று நோட்டில் கோடு போட்டிருந்தேன். ஏழு தேறின. மிச்சத்தில் ஓரளவு சுமாரானது பதினோராம் எண், அதுவும் தளர்ச்சி. "11, போடக் கூடாது" என்று எழுதி அடிக்கோடிட்டேன்.

"சரியாத்தான் பாத்திருக்க பாப்பா," என்றார் அப்பா. மறுநாள் தொரையிடம், "ஒண்ணு கொறையுதுங்க தொரை. கொழும்புக்கு எழுதணும்ங்க," என்றார்.

"ஞாயித்துக்கிழமை ஓட்டம், தங்கையா. இருக்கிறதப் போடு."

அப்பா போட்டார்.

"மெதுவா ஓட்டுவாராப்பா?" என்று கேட்டேன்.

"தொரையா? மெதுவாவா?" என்று சிரித்தார்.

ஞாயிறு மாலை கார் லொறியில் ஏறி வந்தது. திங்களன்று திறந்து பார்த்தபோது வால்வு வளைந்து, பிஸ்டன் ஓட்டையாகியிருந்தது; அது பதினொன்று இருந்த இடம். பக்கத்துத் தோட்டத் தொரைகள் இருவர் பார்த்து நிற்க, "யார் வேலை இது?" என்று கத்தினார் சின்னதொரை. இருக்கிறதைப் போடச் சொன்னது அவருக்கு மறந்துவிட்டதா, மறக்க வேண்டியிருந்ததா, தெரியாது. அப்பா என்னைக் காட்டுவார், நோட்டை விரிக்கலாம் என்று நான் ஓர் அடி முன்னே வந்தேன்.

அப்பா காட்டத்தான் செய்தார். "பாப்பாதாங்க எல்லாம் பொறுக்கிக் குடுத்தா. சின்னப்புள்ள, மாத்தி வச்சிருச்சு போலங்க."

"பொம்பளப்புள்ள கையிலே எஞ்சின் குடுத்தா இப்படித்தான்!" என்று தொரை சிரித்தார். மற்ற இருவரும் சிரித்தார்கள். அப்பாவும் சிரித்தார்.

"மொறைக்காதடி," என்றாள் அம்மா வீட்டில். "அவருக்கு வேல போயிருந்தா தோட்டம் குடுத்த லயத்து வீட்டுக் கதவ நாளைக்கே பூட்டியிருப்பாங்க. ஒன்னைய என்ன, அடிச்சாங்களா?"

அம்மா சொன்னது நியாயம்தான். வேலை, வீடு, தம்பிகள் எல்லாம் ஒரு பக்கம், நான் ஒருத்தி மறுபக்கம். ஆனால் தனியாக இருக்கும்போதாவது அப்பா ஒரு வார்த்தை சொல்வார் என்று காத்திருந்தேன். அவரோ என்னைப் பட்டறைக்கு வரவேண்டாம் என்றார். சில நாளில் காலையில் வேலைக்குப் பெயர் கொடுக்கும் பெரட்டுக்களத்தில் ஆட்களிடம் அதை வேடிக்கைக் கதையாகவே சொல்லத் தொடங்கினார்.

இப்போது தொரை சீமைக்குப் போய்விட்டார். தோட்டத்துப் பட்டறையில் உரமூட்டைகள். எங்கள் லயத்தில் பாதிப் பேர் இந்தியாவுக்குத் திரும்பிப் போகப் பெயர் பதிந்துவிட்டார்கள். நான் கொழும்பில் ஒரு வாகனப் பட்டறையில் உதிரிப்பாகங்களைச் சோதிக்கிறேன். நான் வேண்டாம் என்ற பாகத்தைப் பூட்டச் சொன்னால், சொன்னவர் அதை எழுதிக் கையெழுத்திட வேண்டும்.

போன மாதம் அப்பா என்னைப் பார்க்க வந்திருந்தார். நான் பெரிய எஞ்சினியர் முன் தாளை நீட்டியதை ஓரமாக நின்று பார்த்தார்.

"அவரு கோவிச்சுக்க மாட்டாராம்மா?"

"கோவிப்பாருப்பா. ஆனா கையெழுத்துப் போடுவாரு."

ஹட்டன் ரயிலுக்கு நேரமாகிவிட்டது என்று அப்பா கிளம்பினார். ரயிலுக்கு இன்னும் மூன்று மணி நேரம் இருந்தது.